முங்குகப்பலுக்குக் கம்பி கட்டியவர்

எங்கள் தெருவில் துணி காயப்போடும் கொடிகளில் அவர் விரல் படாத கொடி கிடையாது. போகிற போக்கில் கையை உயர்த்தி ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போவார். கயிற்றுக் கொடியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். கம்பிக் கொடியாக இருந்தால் அது எழுப்புகிற சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, "தொய்வா இருக்கு, இழுத்துக் கட்டுங்க" என்று வீட்டுக்காரிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார். ஈரச் சேலை மண்ணில் விழுந்து சண்டைக்கு வந்த பெண்கள் உண்டு. சண்டை போட எதிராளி அங்கே நின்றால்தானே!

அவர் பெயரை எழுதப்போவதில்லை. சாமியார் முன்னால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து அவர் சொன்ன ஒரு சொல் இன்றைக்கும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. அதைக் கிளற எனக்கு விருப்பமில்லை. எனக்கு அவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. என் முதல் புருஷன் சூசைக்குக் கூட்டாளி. சண்டைக்காலத்தில் இரண்டு பேரும் ஒரே சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார்கள். அந்தக் கப்பலை நடுக்கடலில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று உடைத்துப்போட்டது. வேறொரு கப்பல்காரர்கள் தூக்கியெடுத்ததில் பிழைத்து, வெள்ளைக்காரன் கொடி இறங்கின வருஷம் அண்ணன் மட்டும் பாம்பனில் வந்து ரயிலிறங்கினார்.

வந்தவர் கடலுக்குப் போகவில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப் போகிற தோணிகளுக்குக் கயிறு கட்டுகிற வேலை பார்த்தார். தோணிக்காரர்கள் அவருக்காகக் காத்துக்கிடப்பார்கள். அவர் கட்டிய கயிறு வாடைக்காற்றிலும் அசையாது என்பார்கள். ஆனால் அந்த மனிதர் அசையாமல் இருந்ததை யாரும் பார்த்ததில்லை. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவார். பூசை நேரத்தில் தூணோரம் நிற்பார், வாசலுக்குப் போவார், மறுபடி தூணுக்கு வருவார். ராமநாதபுரம் போகிற ரயிலில் ஏறினால் பாலத்தில் வண்டி ஊர்கிறவரை பெட்டியின் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்கும் நடை.

"இவரு உக்காந்து நான் பாத்தது கல்யாணத்தன்னைக்குத்தான். அதுவும் சாமியார் அதட்டுனதால" என்பாள் அவர் பெண்சாதி. நான் மதினி என்று கூப்பிடுவேன். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சிரிப்பு முடிகிற இடத்தில் கண் அவர் போன பக்கமே போகும்.

உட்காராத மனிதர் எப்படி அந்த நுணுக்கமான வேலையைச் செய்தார் என்று கேட்கலாம். நின்றபடிதான். வீட்டுக்குப் பின்னால் உரலைக் கவிழ்த்து, அதன் மேல் பலகை போட்டு, பலகையின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல். நாங்கள் முங்குகப்பல் என்போம். கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, தாரும் விளக்குக் கரியும் சுறா எண்ணெயும் கலந்து பூசியிருப்பார். உடம்பு செய்வதெல்லாம் அவருக்கு ஒரு பொழுது வேலை; பிடிக்காததைக் கழித்துவிட்டு வேறொன்று செதுக்குவார். அதற்கு மேல் கம்பி கட்டுவதுதான் முடியாத வேலை. கப்பலின் மூக்கிலிருந்து நடுவில் இருக்கிற சின்னக் கோபுரத்துக்கு ஒரு கம்பி, கோபுரத்திலிருந்து வாலுக்கு ஒரு கம்பி. கோபுரத்தைச் சுற்றி நெத்திலி முள்ளை ஊன்றி, முள்ளுக்கு முள் நூலோட்டிய கைப்பிடி வேலி. ஒரு முடிச்சுப் போடுவார், உரலைச் சுற்றி வருவார், கடற்கரைவரை போய் வருவார், வந்து அந்த முடிச்சை அவிழ்ப்பார்.

"முடிஞ்சதா அண்ணே?" என்று கேட்டால் ஒரே பதில்தான். "இன்னும் ஒண்ணு பாக்கி."

ஊர் சனத்துக்கு அந்தக் கம்பிகள் பெரிய குழப்பம். எங்கள் ஆட்களுக்குக் கயிறு என்றால் பாய்க்கு. பாயே இல்லாத கப்பலுக்கு எதற்குக் கயிறு? மறந்துவிட்டார் பாவம் என்று நினைத்து, அவர் கரைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை தன் கைக்குட்டையைக் கிழித்து, ஈர்க்குச்சியில் ஒட்டி, அழகான பாய் ஒன்றைக் கோபுரத்தில் ஏற்றிக் கட்டிவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். அண்ணன் வந்து பார்த்தார். பாயைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தெருக்கோடிவரை அவரை விரட்டிக்கொண்டு போனார். கோயில்பிள்ளை சாமியார் பங்களாவுக்குள் புகுந்துதான் தப்பினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த வருஷம் நான் சிரித்தது அதற்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

உண்மையில் அந்தக் கம்பி எதற்கு என்பதைப் பிற்பாடு வேறு கப்பலில் இருந்தவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். துறைமுக வாசலில் இரும்பு வலை கட்டி மறித்திருப்பார்களாம். முங்குகப்பல் அதற்குள் நுழையும்போது வலை கோபுரத்தில் மாட்டாமல், கம்பியின் மேல் வழுக்கி மேலே போய்விடுமாம். நான் வலை பின்னிப் பிழைக்கிறவள். வலைக்குத் தப்ப முதுகிலேயே ஏற்பாடு செய்துகொண்டு திரிகிற ஒரு மீனை நினைத்துப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் கோயிலைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். உள்ளே நுழைந்து மேலே பார்த்தால் உத்திரத்திலிருந்து சின்னச் சின்ன வள்ளங்கள் தொங்கும். காற்றிலும் மழையிலும் மாட்டி, மாதாவிடமோ அந்தோனியாரிடமோ நேர்ந்துகொண்டு, கரை வந்து சேர்ந்தவர்கள் தாங்கள் தப்பி வந்த வள்ளம் போலவே ஒன்று செய்து தொங்கவிடுவார்கள். பாய், கயிறு, ஒன்று குறையாமல் இருக்கவேண்டும். கரை வராதவர்களுக்கும் வள்ளம் உண்டு. அதில் பாயும் இருக்காது, கயிறும் இருக்காது. மொட்டை வள்ளம் என்று பெயர். ஒரு வீட்டுக்காரர்கள் மொட்டை வள்ளம் தொங்கவிட்டால், அழுது முடித்தார்கள், ஆத்துமப் பூசை வைத்தார்கள், போனவன் பெண்சாதி இனி விதவை என்று ஊருக்கே தெரியும். பிறகு அவளை இன்னொருவன் கேட்கலாம். சாமியார் பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார்.

சூசைக்கு இரண்டில் எதுவும் தொங்கவில்லை. கப்பல் கம்பெனிக்காரர்கள் காணாமல் போனவர் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். காணாமல் போனவர் செத்தவர் ஆகமாட்டார் என்றார் சாமியார். கண்ணால் பார்த்தவன் சொல்லவேண்டும் என்றார். கண்ணால் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவரோ உரலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

நான் விடவில்லை. வலை பின்னுகிற நூல்கண்டை இடுப்பில் செருகிக்கொண்டு மத்தியான நேரங்களில் போய் அவர் வீட்டுப் பின்வாசலில் உட்காருவேன். நான் உட்கார்ந்து பின்னுவேன், அவர் நின்று கட்டுவார். இருவர் கையிலும் நூல்தான். ஒரே கதையை எத்தனை முறை சொல்லவைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"விடியுற நேரம் தங்கச்சி. உடைஞ்ச பலகையைப் பிடிச்சுக்கிட்டு நானும் அவனும் கெடக்கோம். அந்தச் சனியன் தண்ணிக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்து நிக்குது. கோபுரத்துல ஆளுக. ஒருத்தன் வெளிய வந்து சட்டையைப் பிழிஞ்சு கம்பியில காயப்போடுறான். எங்களைப் பாக்குறான், காயப்போடுறான். சூசை, நான் போய்க் கேக்குறேன்னு நீந்திப் போனான். மூக்குப் பக்கம் கம்பி தாழ இருக்கும். அதைப் பிடிச்சு ஏறி நின்னான். நின்னதை நான் பாத்தேன். கோபுரத்துல இருந்து ஒருத்தன் எறங்கி அவனைப் பாத்து வந்தான். கையில என்னமோ இருந்துச்சு."

"என்ன இருந்துச்சு?"

"கயிறுன்னா கயிறு. துப்பாக்கின்னா துப்பாக்கி. அந்நேரம் பாத்து மழை எறங்கி மறைச்சிருச்சு. மழை விட்டுப் பாத்தா வெறும் கடல்தான் கெடக்கு."

சொல்லும்போது கால் நடந்துகொண்டே இருக்கும். கொஞ்சம் போய்த் திரும்பி வந்து மறுபடி தொடங்குவார். "சட்டை காயப்போடுறவன் மனுசன்தானே தங்கச்சி? மனுசன்னா மனுசனை இழுத்து ஏத்தியிருப்பானே? சிறை பிடிச்சவங்கள்லாம் இப்பத்தானே ஒவ்வொருத்தரா வந்துக்கிட்டு இருக்காக?" அவர் சொன்னதும் நிஜம். சிறையிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். கீழக்கரைப் பக்கம் செத்துவிட்டான் என்று நினைத்திருந்த ஒருவர் குடையும் டிரங்குப் பெட்டியுமாக வந்து நின்றார் என்று கேள்விப்பட்ட அன்று நான் ஸ்டேஷனில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

அவருக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். மூக்குப் பக்கம் கம்பியைப் பிடித்து ஏறியவன், மழை மறைத்த நேரத்துக்குள், அலை அடித்துக்கொண்டு போகாமல், கோபுரத்துக் கதவுவரை போய்ச் சேர்ந்திருக்க முடியுமா? சூசைக்குப் பதிலாக ஒரு நெல்மணியைக் கப்பலின் மூக்கில் வைத்திருப்பார். மூக்கில் கம்பி தாழ இருக்கிறது, பிடித்து நடக்கலாம். கொஞ்ச தூரத்தில் கம்பி தலைக்கு மேல் ஏறிவிடுகிறது. அங்கே பிடிக்க என்ன இருந்தது? பக்கவாட்டில் இன்னொரு கம்பி இருந்ததாக ஞாபகம். உடனே அதைக் கட்டுவார். நெல்லை நகர்த்துவார். அதற்கப்பால்? கைப்பிடி வேலி இதுவரை வந்திருக்குமோ? இன்னும் ஒரு முள் ஊன்றுவார். நெல் இன்னும் கொஞ்சம் நகரும். அவர் கட்டிய ஒவ்வொரு கம்பிக்கும் சூசை கோபுரத்துப் பக்கம் ஓர் அடி போனார். கதவு மட்டும் எட்டவில்லை.

அந்தக் கம்பிக்கு நூல் தேடி அவர் அலைந்த அலைச்சல் இருக்கிறதே! வாழைநாரை மயிர் மயிராகக் கிழித்துக் கட்டினார், வாடையில் நனைந்து தொங்கிப்போனது. எரிந்துபோன மோட்டாரிலிருந்து செம்புக்கம்பி எடுத்து வந்தார், உப்புக்காற்றில் பச்சை பூத்தது. முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் கிடை கொண்டுவந்தபோது வெள்ளாட்டுக் கிடா ஒன்றின் தாடியைப் பிடித்து இழுத்து அவர்களிடம் ஏச்சு வாங்கிக் கட்டிக்கொண்டார். பரமக்குடிக்குப் போய் நெசவாளர் வீட்டில் பட்டு இழை ஒன்று கேட்டு வாங்கி, தீப்பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தார். அது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலில் பிடித்துப் பார்த்தால் பிசிர் தெரிந்தது. "கம்பியில ஏது பிசிரு?" என்று அறுத்துப்போட்டார். கம்பியின் நடுவே கோழிமுட்டை வடிவத்தில் பீங்கான் குண்டுகள் கோத்திருந்ததாக ஒருநாள் ஞாபகம் வந்தது. காய்ந்த மீன்சினையிலிருந்து மணி மணியாக எடுத்துப் பிசின் வைத்து ஒட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் எறும்பு வரிசை வைத்து அத்தனையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவர் எறும்பு போன வழியே சுவரோரம் நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி நீட்டினேன். என் முடி அப்போது முழங்கால் தொடும். "இதைக் கட்டுங்க அண்ணே. பிசிரும் கெடையாது, பச்சையும் பூக்காது."

கை நீட்டி வாங்கப் போனவர் சட்டென்று பின்வாங்கினார். "வேணாம் தங்கச்சி. ஆள் முடி வேணாம்."

"ஏன், எந்தலையில பேனா ஊருது?"

"அது அவன் பிடிச்ச கம்பி. ஒன் முடியைக் கட்டிட்டு, நாளைக்கு அறுந்துச்சுன்னா?"

முடியைக் காற்றில் விட்டேன்.

அருளப்பன் என்னைக் கேட்டது அதற்கப்புறம்தான். பாம்பன் பாலத்தில் கப்பல் வரும்போது பாலத்தைத் தூக்கிவிடுகிற கூட்டத்தில் அவர் ஒருவர். பெண்சாதியைப் பறிகொடுத்தவர். நிதானமான மனிதர். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாலும் உட்கார்ந்து குடிப்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான் என்று இப்போதும் அவரைக் கேலி செய்வேன். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

"நான் அவசரப்படல. ஆனா எனக்கும் வயசு போகுது. ஒனக்கும் போகுது. திருநாளுக்கு முன்னாடி சாமியார்ட்ட ஒரு முடிவு கேட்டுச் சொல்லு. அவுக முடியாதுன்னுட்டா, நான் மண்டபத்துப் பக்கம் மாத்திக் கேட்டுப் போயிருறேன். இங்கன இருந்து ஒன்னையப் பாத்துக்கிட்டே இருக்க என்னால ஏலாது."

அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் வேலியில் இன்னொரு முள் ஊன்றிக்கொண்டிருந்தார். நெல் கோபுரத்தின் அடிவாரம்வரை வந்துவிட்டிருந்தது. முகத்தில் ஒரு சந்தோஷம். "பாத்தியா தங்கச்சி, இங்கனவரைக்கும் வந்துட்டான். இன்னும் ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

எனக்குள் இத்தனை வருஷம் அடங்கிக்கிடந்தது பொங்கிவிட்டது. "அண்ணே, நீங்க அங்கன கட்டுற ஒவ்வொரு கம்பியும் இங்கன எங்கழுத்துல கெடக்கு. அவரை உள்ளயும் விட மாட்டேங்குறீக, தண்ணியிலயும் விட மாட்டேங்குறீக. அவரு வருவாருன்னா வருவாருன்னு சொல்லுங்க, கெழவியாகுறவரைக்கும் இருக்கேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. இப்பிடி நெல்லு நகத்திக்கிட்டு இருந்தா நான் என்ன செய்ய? நான் பொண்டாட்டியா, தாலியறுத்தவளா?"

முள்ளைப் பிடித்திருந்த விரல் அப்படியே நின்றது. அவர் கால் நின்றதை அன்றுதான் பார்த்தேன். மதினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கோயில்பிள்ளை என்னைக் கூப்பிட வந்தார். சாமியார் அறையில் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மேசை மேல் வேதப்புத்தகம். அதன் பக்கத்தில் அந்த முங்குகப்பல். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு கம்பிகூட இல்லை. வேலி இல்லை, முள் இல்லை. அத்தனையையும் வழித்து எடுத்துவிட்டு மறுபடி தார் பூசியிருந்தார். தார் இன்னும் காயாமல் பளபளத்தது.

சாமியார் அவர் கையை வேதப்புத்தகத்தின் மேல் வைக்கச் சொன்னார். "இவள் புருஷன் செத்ததைக் கண்ணால் பார்த்தாயா?"

"பாத்தேன் சாமி."

"இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?"

"மனசு வரல சாமி."

"எப்படிச் செத்தான்?"

அண்ணன் கப்பலைச் சுட்டிக் காட்டினார். "அதுல பிடிக்க ஒண்ணும் இல்ல சாமி. மொழுமொழுன்னு இருக்கும். ஏறப் பாத்தான். வழுக்கி விழுந்துட்டான். அப்பறம் எந்திரிக்கல. நான் பாத்தேன்."

குரல் நடுங்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அந்தக் கப்பலில் எத்தனை விதமாகக் கம்பி கட்டி எத்தனை விதமாக அவிழ்த்தார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

சாமியார் மேலிடத்துக்கு எழுதி உத்தரவு வாங்கினார். ஆத்துமப் பூசை வைத்தோம். நான் நிஜமாகவே அழுதேன். நெஞ்சில் இருந்ததெல்லாம் தீருகிறவரை அழுதேன். கோயில்பிள்ளை ஏணி வைத்து ஏறி, வள்ளங்களுக்கு நடுவே அந்தக் கறுப்புக் கப்பலைத் தொங்கவிட்டார். ஓலை வாசித்தார்கள். கல்யாணத்துக்கு அண்ணன் வந்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதைப் பார்த்து ஊரே ஆச்சரியப்பட்டது.

ஆச்சரியம் கொஞ்ச நாளில் பயமாக மாறியது. அவர் உட்கார்ந்துவிட்டார். கரையில் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மேல் காலையில் உட்கார்ந்தால் வெயில் ஏறி இறங்குகிறவரை அங்கேயே. தோணிக்காரர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "வேற ஆளைப் பாருங்க" என்றார். உரல் நிமிர்ந்து நின்றது. கட்டிக் கழித்த பழைய கப்பல்களை மதினி அடுப்பில் வைத்தபோது, நன்றாக எரிகிறதா என்றுகூடக் கேட்கவில்லையாம். பூசையில் ஆண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை அசையாமல் இருந்தார். சாமியார் கையால் நற்கருணை நன்மை வாங்க மட்டும் எழுந்திருக்கவில்லை. மேலே பார்க்கவும் இல்லை. என் வீட்டைத் தாண்டித்தான் தினமும் போவார். அருளப்பன் முற்றத்தில் எனக்கு நல்ல கம்பிக் கொடி கட்டிக் கொடுத்திருந்தார். அதற்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு போவார்.

"உக்காந்துட்டாரு தங்கச்சி" என்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "முந்தி உக்கார மாட்டேங்குறாருன்னு அழுதேன். இப்ப எந்திரிக்க வையின்னு மாதாகிட்ட அழுறேன்."

எனக்கு நல்ல வாழ்க்கை அமைந்தது. அருளப்பனைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. வயிற்றில் பிள்ளையும் தங்கியது. ஆனாலும் கோயிலுக்குள் நுழைந்தால் அந்த மொட்டைக் கப்பல் மேலே தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வரும். அவர் பொய் சொன்னதற்கு இல்லை. எனக்காகத் தன் கூட்டாளியைத் தன் வாயாலேயே தண்ணீரில் தள்ளிவிட்டாரே, அதற்கு. சூசை ஏறி நின்றார். கம்பியைப் பிடித்து நின்றார். அது வரைக்கும் நிஜம். அந்த நிஜத்தையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டார்.

அடுத்த திருநாளுக்குக் கோயில் கழுவுகிற முறை எங்கள் தெருவுக்கு வந்தது. வள்ளங்களை இறக்கித் தூசி துடைத்து மறுபடி மாட்டுவது பெண்கள் வேலை. மற்றவர்கள் தரை கழுவத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார்கள். நான் முங்குகப்பலை மடியில் வைத்துத் துடைத்தேன். மூக்கில் ஊசி போட்ட துளை அப்படியே இருந்தது. வாலிலும் இருந்தது. தார் பூசும்போது அடைக்கத் தெரியாதவர் இல்லை அவர்.

தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினேன். மூக்குத் துளையில் கோத்து வலை முடிச்சுப் போட்டேன். கோபுரத்தின் மேல் கொண்டுபோய், இழுத்து, வால் துளையில் கட்டினேன். பிசின் கிசின் ஒன்றும் வைக்கவில்லை. கீழே இருந்து பார்த்தால் தெரியாது என்றுதான் நினைத்தேன். மாட்டிவிட்டு வந்து தரையைக் கழுவினேன். நான் அருளப்பன் பெண்சாதிதான், அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. இது வேறு கணக்கு. இதைச் செய்ததற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னதும் இல்லை.

திருநாள் பூசை. சாமியார் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். கிழக்கு ஜன்னல் வழியே வெயில் உத்திரத்தில் விழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ வேட்டு போட்டார்கள். பிள்ளைகள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவரும் பார்த்தார். பார்வையை இறக்கினார். கொஞ்சம் கழித்து மறுபடி பார்த்தார். இந்தத் தரம் இறக்கவில்லை. கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, ஒரு பக்கமாக நகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்தார். பிரசங்கத்தின் நடுவே ஆட்களின் தோளைத் தாண்டி வாசலுக்குப் போனார். சாமியார் பேச்சை நிறுத்திப் பார்த்தார். அண்ணன் வாசலிலிருந்து திரும்பித் தூணுக்கு வந்தார். தூணிலிருந்து வாசலுக்குப் போனார். எனக்குப் பக்கத்தில் மதினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நன்மை கொடுக்கிற நேரத்தில் தேடினேன். ஆளைக் காணோம்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைத்து, திருநாள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அருளப்பன் குளித்துவிட்டுச் சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் கொடிக்கம்பி டங்கென்று அதிர்ந்தது. அது அதிர்ந்து நான் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! வெங்காயத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். சட்டை மண்ணில் விழுந்து கிடந்தது. அவர் அதற்குள் அடுத்த வீட்டைத் தாண்டிவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போகிறார். நான் வந்து நிற்பது தெரிந்திருக்கவேண்டும். திரும்பாமலே குரல் கொடுத்தார்.

"மூக்குப் பக்கம் தொய்வா இருக்கு தங்கச்சி. இழுத்துக் கட்டு."